கேப்டன் செம்பு பஸ் ஏறினார்

புதன்கிழமை காலை பத்தரைக்கு ஹெலன் மஸூர் கடைக்குள் நுழைந்தபோது, நான் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். புதன்தான் புதுப் புத்தகங்கள் வரும் நாள். அமெரிக்காவில், டொலீடோ நகரத்தில் இருக்கும் என் காமிக்ஸ் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைப்பெட்டி உண்டு. அவரவர் பட்டியலில் எழுதிக் கொடுத்ததை அதில் எடுத்து வைப்பேன். ஹெலனின் பெட்டியில் அன்று இரண்டுதான் கிடந்தன. முப்பத்தெட்டு வருடமாக மாதம் தவறாமல் அவள் வாங்கிய ஒன்று மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் அவளேதான். 'கேப்டன் செம்பு' என்ற பறக்கும் வீரனின் காமிக்ஸை இனி மோனா கெல்லகர் எழுதப்போகிறாள் என்று மூன்று மாதம் முன்பு செய்தி வந்தது. மோனா அதுவரை எழுதியதெல்லாம் சலவைக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களைப் பற்றித்தான். "இவ கையில குடுத்தா என் ஆளப் பறக்க விடுவாளா? மூலைல உக்கார வச்சு அழ விடுவா!" என்று கத்திய ஹெலன், பட்டியலைப் பிடுங்கிச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தாள். மொத்த வியாபாரிக்கு எண்ணிக்கை சொல்ல அன்றுதான் கடைசி நாள். நானும் ஒரு மடையன். அவள் கோபம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடும் என்று தெரிந்தும் ஒன்றைக் குறைத்துச் சொல்லித் தொலைத்தேன். இன்று கடை திறந்த அரை மணியில் வந்த செம்பு மொத்தமும் காலி.

"என்னப்பா கஸ், பெட்டிய எடு. பன்னெண்டு நிமிஷந்தான் இருக்கு."

தெருமுனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இடைவேளையில் வருவாள். இருபது வருடமாக ஓட்டுகிறாள். ஒரு தடவைகூட ஹாரன் அடித்ததில்லை. அது பொறுமை கெட்டவர்கள் வேலையாம்.

பெட்டியை எடுத்து வைத்தேன். புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள்.

"செம்பு எங்க?"

"நீதான அடிச்ச."

"கோவத்துல ஒருத்தி அடிச்சா, அப்படியே விட்ருவியா? என்னய்யா கடை நடத்துற நீ?"

குரல்தான் பெரிதாக இருந்தது. முகம் சுருங்கிப்போயிருந்தது. வீட்டில் அந்த நீள அலமாரியில் ஒரு இதழ்கூட விடாமல் அடுக்கி வைத்திருப்பவள்.

ஜன்னலோரம் ட்வைட் நின்றுகொண்டிருந்தான். பேக்கரியில் அடுப்பு வேலை முடித்து நேராக வந்திருந்தான், புருவத்தில் இன்னும் மாவு. மோனா என்றால் அவனுக்கு உயிர். "உன் செம்பு பறக்கிறதத் தவிர வேற என்ன கிழிச்சான்?" என்று பத்து வருடமாக ஹெலனைச் சீண்டுவதுதான் அவனுடைய புதன்கிழமை. எதை வாங்கினாலும் இரண்டு வாங்குவான். ஒன்று படிக்க, இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி வைக்க. உறையில் இருப்பதைச் சொந்தத் தம்பியைக்கூடத் தொட விட்டதில்லை.

அன்று வாங்கிய செம்பு இருந்த உறையைத்தான் கல்லாமேல் வைத்தான்.

"எடுத்துக்க."

"பிச்சை போடுறியா?"

"படிச்சிட்டுத் திட்டு தாயே. நீ திட்டலன்னா எனக்குப் பொழுது போகாது."

ஹெலன் உறையில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். ட்வைட் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விரலை நாக்கில் தொட்டு முதல் பக்கத்தைத் திருப்பியதும், "ஐயோ, எச்சில்!" என்று முனகினான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அறுபது வருடம் பறந்த கேப்டனுக்குத் தன் ஊரின் கூரைகள் எல்லாம் தெரியும், ஒரு முகம்கூடத் தெரியாது. அதனால் பஸ் ஏறுகிறார். அவ்வளவுதான் கதை. ஒரு குத்துகூடக் கிடையாது. பஸ் ஓட்டுகிறவள் ஒரு குண்டுப் பெண்மணி. 'அங்கியச் சுருட்டிக்க, கதவுல மாட்டும்' என்று அவரை அதட்டுகிறாள்.

"இதேதான்! நானும் இதேதான் சொல்வேன்!" ஹெலன் கல்லாவை ஓங்கித் தட்டினாள். நின்றபடியே மிச்சப் பக்கங்களையும் படித்து முடித்தாள். கடைசிப் பக்கத்தில் கேப்டன் இறங்கி நடக்கிறார், பின்னாலிருந்து அந்தப் பெண்மணி இரண்டு முறை ஹாரன் அடிக்கிறாள். ஊரே கைதட்டியபோது அசையாதவருக்கு அப்போது காது சிவக்கிறது.

ஹெலன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "பாவி மக, என்னமா எழுதியிருக்கா."

"பறக்கவே இல்ல போல?" என்றான் ட்வைட்.

"வாய மூடு. அடுத்த மாசம் பறப்பான்."

"மாட்டான்."

"பறப்பான்டா!"

பட்டியலைக் கேட்டு வாங்கி, அதே சிவப்புப் பேனாவால் 'செம்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பக்கத்தில் இரண்டு என்று போட்டாள். "ஒண்ணு இவனுக்கு. உறையில போட்டு வை," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். ஏற்கெனவே இரண்டு நிமிடம் தாமதம்.

கொஞ்ச நேரத்தில் அவள் பஸ் எங்கள் ஜன்னலைக் கடந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே செம்பு இதழ் சாய்ந்து நின்றது. ஹெலன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பார்த்தபடி இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

மாவுக் கையைப் பாதி தூக்கியபடி நின்றிருந்தான் ட்வைட். இரண்டு காதும் சிவந்திருந்தன.