ரேகை இல்லாத விரல்

அதிகாரி என் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தின் கீழ்ப்பகுதியில் வைத்து எடுத்தார். நீலமாக ஒரு கறை விழுந்தது, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் கிடங்கில் சிமெண்ட் மூட்டை இறக்கிய விரலில் ரேகை எங்கிருந்து வரும்?

“துடைச்சுக்குங்க பெரியவரே. இன்னொரு தடவ வைப்போம்.”

எழுதத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மகள் ராணுவத்தில் சேர்ந்தபோதும் இதே கதைதான். சம்மதத் தாளில் என் விரல் பதியவில்லை என்று எழுத்தர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே சிமெண்ட் பையைக் கிழித்து உள்பக்கத்தில் ‘அ’ எழுதினாள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வெடித்த விரலுக்கு எண்ணெய் தடவி, அதை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்து நகர்த்துவாள். அடிபட்டவர்களை ஏற்றும் வண்டியில் நர்ஸாகப் போன பிறகு, நான் படிப்பதற்காகக் கொட்டை எழுத்தில் கடிதம் போட்டாள். பிடிபட்ட எதிரி ஒருவனுக்குத் தன் போர்வையைக் கொடுத்தாளாம். ‘அவனுக்கும் ஒரு அப்பா இருப்பாருல்ல.’ கடைசிக் கடிதத்தில், ‘வண்டியில பிரேக் பிடிக்கலப்பா. மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. எங்க ஆபீசர் ஓடும்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.’

மலை இறக்கத்தில் டிரைவர் குதித்துப் பிழைத்துக்கொண்டான். பின்னால் படுத்திருந்த இரண்டு பேரை விட்டுவிட்டு இவள் குதிக்கவில்லை.

அந்த ஆபீசர்தான் இப்போது என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

விரலைத் துடைத்தபடி காகிதத்தைப் பார்த்தேன். சற்று முன் அவர் வாசித்துக் காட்டியதில் வீரம் இருந்தது, நாடு மறக்காது என்பது இருந்தது. ஆனால் நடு வரியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் நின்றுகொண்டிருந்தது. அவர் வாயில் அது வரவே இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘வண்டியின் பிரேக் நல்ல நிலையில் இருந்தது. தவறு ஓட்டுநருடையது. குடும்பத்தாருக்குப் புகார் இல்லை.’ படித்து முடிக்கும்வரை விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவர் கழுத்தைப் பார்த்தேன். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குகிற கை இது, ஒரு நிமிடம் போதும். ஆனால் செத்தவன் பேச மாட்டான். எனக்கு அவர் வாய் வேண்டும்.

“இன்னொரு வாட்டி படிங்க சார்.”

படித்தார். அந்த வரியை மறுபடியும் தாண்டினார்.

மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஜன்னல்ல வை.”

“பாவம், தொண்ட காயுது போலங்க.”

“காயட்டும்.”

மகள் இருந்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டுக் கொடுத்திருப்பாள். அவள் வேறு, நான் வேறு.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே ரேடியோ.

“உள்ள வா ரேடியோ.”

“நான் சும்மா சர்க்கரை கேக்கலாம்னு வந்தேண்ணே.”

“நேத்தும் சர்க்கரைதான். உக்காரு. சார் படிக்கிறாரு, கேளு.”

“ரெண்டு தடவ படிச்சாச்சே பெரியவரே,” என்றார் அதிகாரி.

“மூணாவது தடவ படிங்க. என் மக மூணு தடவ எழுதுனா.”

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன், அவர் என் விரலைப் பிடித்த மாதிரியே. மைப்பெட்டியில் அழுத்தி, அந்த வரியின் தொடக்கத்தில் வைத்தேன்.

“விரல் வச்சுப் படிங்க. அவ எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தா.”

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா,” என்றார். குரல் எழவில்லை, காற்றுதான் வந்தது.

“எந்த வண்டியில போறா?”

ரேடியோ புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மனைவி ஜன்னலோரம் போய் டம்ளரைத் தொட்டாள், எடுக்கவில்லை.

“வண்டியின்…” என்று அவர் தொடங்கினார். விரல் நகர்ந்து அடுத்த சொல்லின் அடியில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தபோது, ‘பிரேக்’ என்ற சொல்லின் கீழே அவருடைய ரேகை பதிந்திருந்தது, சுழி சுழியாக, ஒவ்வொரு கோடும் தனித்தனியாக.