முதுகுக்கு மட்டும் வந்த ராணி

ஒட்டு மீசை ஜெகதீசனின் மூக்குக்குள் நுழையப் பார்த்தது. தும்மக்கூடாது. லண்டன் பூங்காவில் தொண்டர் படை வீரர்கள் தும்மமாட்டார்கள் என்று உதவி இயக்குநர் விஜய் காலையிலேயே சொல்லிவிட்டான்.

லண்டன் பூங்கா, திருமழிசை தொழிற்பேட்டைக்குப் பின்னால் பச்சைப் பாய் விரித்த காலி மனையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், நாட்டுக்காகச் சம்பளமில்லாமல் துப்பாக்கி தூக்கியவர்களை ராணி வந்து பார்வையிடும் காட்சி. சம்பளத்துக்காக மரத்துப்பாக்கி தூக்கிய நம்மவர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

ஜெகதீசனுக்கு இதில் வெட்கமெல்லாம் இல்லை. பயம்தான். அம்பத்தூரில் அவன் வேலை பார்த்த பட்டறையை மூடி இரண்டு மாதமாகிறது. மனைவி எழிலரசியிடம் சொல்லவில்லை. தினமும் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பி, பொய்மேல் பொய்யாக அடுக்கியதில், இல்லாத வேலையில் அவனுக்குப் பதவி உயர்வுகூட வந்துவிட்டது. வீட்டுக்குத் தெரிந்தவர் யார் கண்ணிலாவது பட்டால் தீர்ந்தது.

"மாமே, இன்னா பவுடரு இது? வெள்ளக்காரன் மாரி இல்ல, கோலம் போட்ட மாரி கீறே" என்றான் பக்கத்து வீரன் தங்கராஜ்.

"மூஞ்சி படத்துல வராதுண்ணா" என்றான் விஜய். "கேமரா ராணி முதுகுக்குப் பின்னாடி. உங்க கழுத்துக்குக் கீழதான் தெரியும். சவுண்டும் இல்ல. அசையாம நின்னா போதும்."

ராணியும் முதுகுக்கு மட்டும் வந்தவர்தான். உண்மையான நடிகை வெயிலில் இறங்கமாட்டாராம். குள்ளமாக, குண்டாக, கறுப்பு கவுனில் ஒரு டூப் வேனிலிருந்து இறங்கியது.

"ஆக்‌ஷன்!"

ராணி வரிசை நெடுக நடந்து வந்து, ஜெகதீசன் முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்தபடி அவன் பெல்ட்டைச் சரிசெய்தார். அவன் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தான்.



மாமியார் பொன்னியம்மா! முட்டிவலி, வேப்பம்பட்டு வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை என்று நேற்றுதான் போனில் அழுத அதே பொன்னியம்மா.

"மூச்சு உடுங்க மாப்ளே" என்றது ராணி, உதடு அசையாமல். "செத்துகித்து வெக்காதீங்க."

"அத்தே... முட்டி?"

"முட்டி கீது, அது பாட்டுக்கு. நேரா நில்லுங்க."

"எழிலுகிட்ட சொல்லிடாதீங்க அத்தே. கால்ல வுயறேன்."

"இன்னாத்த சொல்றது? கம்பெனி மூடுன அன்னிக்கே அவுளுக்குத் தெரியும். ஒங்ககூட வேல செஞ்சவரு பொண்டாட்டி ரேசன் கடையில சொல்லிட்டா. 'அவரா வாயத் தொறக்கட்டும், ரோசக்காரரு, நீ கண்டுக்காதம்மா'ன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கிட்டா."

துப்பாக்கி கைநழுவி ராணியின் காலில் விழுந்தது.

"கட்! இன்னாண்ணா நீ!" விஜய் கத்தினான்.

ஜெகதீசன் காதில் எதுவும் ஏறவில்லை. போன வாரம் பதவி உயர்வுக்கென்று எழில் பாயசம் வைத்தாள். அவன் போதும் என்றதும், 'சூப்பர்வைசர் இன்னொரு டம்ளர் குடிக்கலாம்' என்று ஊற்றினாள். தெரிந்தே ஊற்றியிருக்கிறாள்!

"நீங்க எதுக்கு அத்தே இந்த வெயில்ல?"

"எம்பொண்ணு ஊட்டுல ஒல கொதிக்க வாணாமா? நீங்க ஒருத்தரு நின்னா போதுமா?"

விஜய் ஓடி வந்தான். "தம்பி, செத்த நேரம் இரு" என்றார் பொன்னியம்மா. குரலில் என்ன இருந்ததோ, விஜய் நின்றுவிட்டான். பொன்னியம்மா கவுன் மடிப்புக்குள் கைவிட்டு போனை எடுத்து, எண்ணை அழுத்தி, மருமகன் காதில் வைத்தார்.

"சொல்லும்மா" என்றது எழிலரசியின் குரல்.

"நான்தான் எழிலு. எனக்கு வேலை போயிடுச்சி. ரெண்டு மாசமாச்சி."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அப்பாடா!" என்றாள் எழிலரசி. "இனிமே அந்தச் சீருடைய தேய்க்க வாணாம்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.