ஏழில் ஒன்று

செல்லூர் கனகலட்சுமிக்குப் பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. மார்ச் மாத எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையில் ஒன்றை ஏழால் வகுத்துத் தசமமாக எழுதச் சொன்னார்கள். வகுத்தாள், வகுத்தாள், தாளைப் பிடுங்கும் வரை வகுத்துக்கொண்டே இருந்தாள். மற்ற கணக்கெல்லாம் அப்படியே கிடந்தது. ஃபெயில் ஆகாமல் என்ன செய்யும்!

இலக்கங்கள் திரும்பி வந்தால் மேலே கோடு போட்டு நிறுத்தலாம் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். மனசு ஒப்ப வேண்டுமே. சேலையில் நெய்யும் பூவைப் பாதியில் விட்டுத் தறியிலிருந்து எழக்கூடாது என்று வளர்ந்த நெசவு வீட்டுப் பெண். மிச்சம் இருக்கும்போது எப்படிக் கையை எடுப்பாள்?

செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. தேறினால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். தவறினால் படிப்புக்கே முழுக்கு என்று அவளே முடிவு செய்திருந்தாள். புருஷன் ஜனகராஜ், அவள் படிக்கச் சத்தம் இடைஞ்சல் என்று சாயங்காலமானால் தறியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன மாப்ள, வீட்டம்மா உத்தரவா?" என்று சந்தே கேலி செய்தது.

"ஆமாண்ணே" என்று சிரித்து வைப்பான்.

அப்படித் தறி நின்ற ஒரு சாயங்காலம், சிலேட்டில் அதே ஏழில் ஒன்றை வகுத்துச் சலித்துப்போய் அண்ணாந்தாள். தறிக்கு மேலே, அட்டைக்குப் பூவில் ஒரு வரி என்று துளையிட்ட டிசைன் அட்டைகள் மாலையாகத் தொங்கின. கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முதல் அட்டை திரும்பி வந்தால் முதல் வரிதான் விழும், வேறென்ன விழும்? சட்டென்று சிலேட்டைப் பார்த்தாள். ஒன்றில் தொடங்கிய வகுத்தல் மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து என்று மிச்சம் விட்டு, மறுபடி ஒன்றில் வந்து நின்றது. இனி வருவதெல்லாம் ஏற்கெனவே வந்ததுதான். பூ பாதியில் நிற்கவில்லை, முழுப் பூவும் விழுந்தாயிற்று. இனி எழுந்திருக்கலாம்!

செப்டம்பரில் பதிமூன்றில் ஒன்று கேட்டார்கள். மிச்சம் ஒன்று திரும்பியதும் ஆறு இலக்கத்துக்கும் மேலே கோட்டை இழுத்துவிட்டு, அடுத்த கணக்குக்குப் போனாள்.

பள்ளிக்கூட வாசலில் ஜனகராஜ் நின்றிருந்தான். தங்களுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"எல்லாம் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். நீங்க தறிய நிறுத்துனதாலதான்."

"சத்தமில்லாம படிச்ச, அம்புட்டுத்தான."

"சத்தத்த விடுங்க. அட்டை அசையாம நின்னுச்சு, அதான் பாத்தேன். ஓடியிருந்தா என் கண்ணுல படவே பட்டிருக்காது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளோ அவனை ஒட்டியே நடந்தாள். தனக்காகச் சந்தே சிரிக்க உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு எப்படி நன்றி சொல்வது?

ரிசல்ட் வந்தது, பாஸ். அன்று சாயங்காலமும் ஜனகராஜ் பழக்கதோஷத்தில் தறியை நிறுத்திவிட்டு எழுந்தான். கனகலட்சுமி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஓட்டுங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."