வலது பக்கம் கட்டிய ரப்பர்

அண்ணனின் மோட்டார்சைக்கிள் பட்டறையில் உட்கார ஸ்டூல் கிடந்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாசல்வரை போய்ச் சாலையைப் பார்ப்பாள். திரும்பி வந்து அண்ணனின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவாள். சாயங்காலம் மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர் வருகிறார். அவள் மலைச்சாலையில் ஓட்டுவதைக் காரில் பின்னாலேயே வந்து பார்ப்பார். தேறினால் மலை ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலை அவளிடமே இருக்கும். இல்லையென்றால் கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் மேசை.

"நீ நடக்கிற நடைக்கு வண்டியே வேணாம். நடந்தே போய் மருந்தைக் குடுத்துட்டு வந்துடலாம்" என்றான் அண்ணன், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருண்ணே."

வினை போன வாரம்தான் ஆரம்பித்தது. கம்பெனி அவளுடைய மோட்டார்சைக்கிளில் மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி ஒன்றைப் பொருத்தியது. அதற்கான பேட்டரி பிணக்கனம். அதை இடது பக்கம் தொங்கவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து வண்டி இடப்பக்கமாகவே ஒதுங்கப் பார்த்தது. இடது பக்கம் போகிற வண்டியின் ஹேண்டிலை வலது பக்கம் இழுத்துவைத்தால் சரியாகிவிடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, அண்ணன் பழைய டியூபிலிருந்து ஒரு ரப்பர் பட்டையை வெட்டி, வலது பிடியிலிருந்து பின்னால் டேங்குக்கு அடியில் இழுத்துக் கட்டினான். மறுநாளே, வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் வண்டி திரும்ப மறுத்து, இடது ஓரம் விலகி, வாய்க்காலில் இறங்கியது. அவள் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். மருந்துக் குப்பிகள் தப்பவில்லை.

வளைவைப் பார்த்து பயந்துவிட்டாள் என்றார் சூப்பர்வைசர். அண்ணனும் அதையே சொன்னான். அண்ணி மட்டும், "பயந்தவ எதுக்கு வாய்க்காலுக்குள்ள போறா? வீட்டுக்கில்ல ஓடி வருவா" என்றாள்.

அவளை அரித்ததும் அதுதான். இத்தனை வருஷம் ஓட்டியவளுக்குத் திடீரென்று பயம் வருமா? வந்தால் தனக்குத் தெரிந்துதான் வருமா?

"இன்னும் இடது பக்கம்தாண்ணே போகுது" என்றாள் இப்போது.

"இரு." அண்ணன் ரப்பரை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். வண்டியைத் தரையில் முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினான். "பாரு, வலது பக்கம் எப்படி வெண்ணெய் மாதிரி திரும்புது! இனி இதுக்கு மேல குறை இருந்தா உன்கிட்டதான்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிடங்குகளுக்குப் பின்னால் போகும் காலிச் சாலைக்குப் போனாள். வேகம் பிடித்ததும் வண்டி முன்னைவிட மோசமாக இடப்பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது பிடியை முன்னால் தள்ளினாள். வண்டி வலப்பக்கம் வந்தது.

பிரேக் போட்டு நிறுத்தினாள். வலது பிடியைத் தள்ளினால் ஹேண்டில் இடப்பக்கம் அல்லவா திரும்பும்? வண்டி ஏன் வலப்பக்கம் வந்தது?

மறுபடி ஓட்டினாள். இடது பிடியை லேசாகத் தள்ளினாள். வண்டி இடப்பக்கம் போனது. வலதைத் தள்ளினாள். வலப்பக்கம். சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் விலகுகிறது. வண்டியோ தள்ளிய பிடியின் பக்கமே சாய்கிறது. சாய்ந்த பிறகுதான் திரும்புகிறது. இத்தனை காலமும் கைகள் இதைத்தான் செய்திருக்கின்றன, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அண்ணன் கட்டிய ரப்பரோ வலது பிடியைத் தள்ளவிடாமல் பின்னாலேயே இழுத்து, ஓயாமல் இடப்பக்கம் போ, போ என்று வண்டியை விரட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்குள் வண்டியோடு நுழைந்தாள். "ரப்பரை அவுத்து இடது பக்கம் கட்டு."

"ஏற்கெனவே இடது பக்கம் போகுதுங்கிறே. அந்தப் பக்கமே இழுத்துக் கட்டவா? உனக்கென்ன கிறுக்கா?"

"நீ உருட்டிப் பார்க்கிறே, நான் ஓட்டிப் பார்க்கிறேன். வேகத்துல வேற மாதிரி திரும்புது. கட்டு. கட்டிட்டு நீயே எடுத்துட்டுப் போ. மெதுவா போகாதே, வேகமாப் போ."

"வாய்க்கால்ல விழுந்தா?"

"நான் இருக்கேன், தூக்கிவிட" என்றாள் அண்ணி உள்ளிருந்து.

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கட்டி எடுத்துப் போனவன், திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. எஞ்சினை அணைத்த பிறகும் இறங்காமல் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேராப் போகுதுடி."

"ம்."

"அப்போ அன்னிக்கு நீ விழுந்தது..." வாக்கியத்தை முடிக்காமல் கத்தியை எடுத்து ரப்பரை அறுத்து மூலையில் எறிந்தான். பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்கு நேர் அடியில், நடுவில் வைத்து போல்ட் போட்டான். கடைசி போல்ட்டை முறுக்கும்போது வெளியே கார் ஹாரன் கேட்டது.

மலைச்சாலையில் முதல் சில வளைவுகள் ஒழுங்காகவே போயின. வண்டி இப்போது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பிறகு அந்த வளைவு வந்தது. வாய்க்கால் கண்ணில் பட்டதும் தோளிலிருந்து விரல்வரை இரண்டு கைகளும் கட்டையாக விறைத்தன. ஆக, பயமும் இருக்கத்தான் செய்கிறது. பிடியைத் தள்ளவிடாமல், ரப்பர் செய்ததையே இப்போது அவள் கைகள் செய்துகொண்டிருந்தன. இடது ஓரம் நெருங்கியது. முழங்கையை வலிய மடக்கி, வலது பிடியை முன்னால் தள்ளினாள். தெரிந்தே தள்ளுவது வாய்க்காலை நோக்கித் திருப்புவதுபோலவே இருந்தது. இன்னும் தள்ளினாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து, வளைவோடு வளைந்து ஏறியது.

மேலே ஆஸ்பத்திரி வாசலில் சூப்பர்வைசர் காரின் கண்ணாடியை இறக்கினார்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார். வண்டி திரும்பிடுச்சு."

அவர் தலையசைத்தார். "நாளைக்குக் காலையில கிடங்குக்கு வந்து மருந்தை எடுத்துக்கோங்க. இறங்கி ஒரு டீ குடிங்க முதல்ல."

"வேணாம் சார்."

அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை. கீழே இறங்கும்போது அந்த வளைவு இடப்பக்கம் திரும்பும். இடது உள்ளங்கையைப் பிடியில் பதித்து, வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினாள்.