வாயால் ஓடிய வண்டி

1

இந்தக் கதை எனக்குப் பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. அன்று காலை விலை மறுபடி ஏறியிருந்தது. எதிரே மர நிழலில் 'எல்' பலகை மாட்டிய கார் ஒன்று. உள்ளே ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "உர்ர்ர்" என்றாள். கியர் மாற்றினாள். சுருதியைக் குறைத்து மறுபடி "உர்ர்ர்". கார் அசையவில்லை. எங்கள் வரிசையும்தான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரி: "எரிபொருள் விலையேற்றம் நடுத்தர வர்க்கத்தின் கனவுகளை..." (அடித்துவிட்டேன். இப்படி எழுதுகிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை. டிரைவரை நிற்க வைக்கிறார்கள்.)

இன்னொன்று: "அவள் கண்களில் தூரத்துச் சாலைகள்..." (அவள் கண்கள் கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தன.)

விஷயத்துக்கு வருகிறேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடை வேன் ஓட்டியவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். "லைசென்ஸோட வா, திங்கக்கிழமைலேருந்து வேன் உன் கையில. இல்லேன்னா வெளியாளைப் போட்டுருவேன்" என்றார் முதலாளி. டெஸ்ட் வெள்ளிக்கிழமை.

3

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் பலகையில் 'சர்வதேசத் தரம்' என்றிருக்கும். கார் ஒன்றுதான். விலை ஏற ஏற அவருடைய பாடத்திட்டம் ஆழமாகிக்கொண்டே போனது. முதலில் ஏசி நின்றது. அப்புறம் ரவுண்டு சுருங்கியது. கடைசியில் இன்ஜினே நின்றது.

"இன்ஜின் சத்தம் கவனத்தைக் கலைக்கும்மா. இது மௌனப் பயிற்சி. வெளிநாட்டுல இப்படித்தான்."

"சத்தம் இல்லாம எப்போ கியர் மாத்துறதுன்னு எப்படித் தெரியும் மாஸ்டர்?"

மாஸ்டர் யோசித்தார். "நீயே போட்டுக்க."

"எதை?"

"சத்தத்தை."

வாரம் ஒருநாள் சரிவான தெருவில் கிளட்சை மிதித்தபடி காரோடு உருண்டு இறங்குவாள். மேலே ஏற்ற இருவரும் தள்ளுவார்கள். "உடம்புக்கும் நல்லது. இதுக்குத் தனியா பீஸ் வாங்கலை பாரு" என்பார்.

(அவரை மோசடிப் பேர்வழி ஆக்க ஒரு பத்தி எழுதினேன். வகுப்பு முடிந்து அவரும் வீட்டுக்கு நடந்தேதான் போகிறார் என்று தோன்றியதும் எடுத்துவிட்டேன்.)

4

வெள்ளிக்கிழமை. சரிவான டெஸ்ட் மைதானம். பக்கத்து சீட்டில் ஆபீசர், மடியில் படிவம். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமியது. பழக்க தோஷத்தில் அவளும் கூட உறுமினாள். கிளட்சைக் கொஞ்சம் விட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. கால் தானாகக் கிளட்சுக்குத் திரும்பியது. வண்டி சரிவில் உருள ஆரம்பித்தது. வாயில் சத்தம் நிற்காததால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

[மெக்கானிக் நண்பர் சொன்னது: கிளட்சை விட்டிருந்தால் வண்டி மறுபடி உயிர் பெற்றிருக்கும். அவள் விடவில்லை. மாஸ்டர் வகுப்பில் அவள் அதை விட்டதே இல்லை.]

இன்ஜின் இல்லாததால் ஸ்டியரிங் இரும்பாகிவிட்டது. அவளுக்கு அது எப்போதுமே இரும்புதான். வளைவில் சுருதியை ஏற்றி, இறக்கி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கோட்டில் கச்சிதமாக நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள். கடைசியாக வாயை நிறுத்தினாள்.

"எப்பம்மா ஆஃப் ஆச்சு?" என்றார் ஆபீசர்.

"எது சார்?"

"வண்டி."

டாஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்குகளைப் பார்த்தாள். "என் சைடுல ஓடிட்டுத்தான் சார் இருந்துச்சு."

5

ஃபெயில் போட்டால் ஆபீசர் பக்கம் நியாயம். திங்கட்கிழமை வெளியாள் வந்துவிடுவான். பாஸ் போட்டாலோ, அந்த வேன் வரும் சாலையை நீங்களும்தான் கடக்க வேண்டும். ஆகவே...

ஆபீசர் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"இன்னொரு ரவுண்டு போம்மா. இன்ஜினைப் போட்டு."

அவள் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். அது அடியில் படுத்திருந்தது. வேலிக்கு அப்பால் மாஸ்டர், ஆபீசர் பார்க்காதபடி, ஒரு விரலைக் காட்டினார். ஒரு ரவுண்டுக்குத்தான் ஊற்றினேன் என்கிறாரா, இன்னும் ஒன்று வரும் என்கிறாரா? அவரை உண்டாக்கிய எனக்கே தெரியவில்லை.

அவள் உதடுகளை இறுகக் கடித்துக்கொண்டாள். இனி எந்தச் சத்தம் வந்தாலும் அது வண்டியுடையதுதான். சாவியில் கை வைத்தாள்.

சத்தம் வருகிறதா என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே வரிசை நகர்ந்துவிட்டது. நான் வண்டியைத் தள்ள வேண்டும்.