முகத்தில் ஒரு கீறல் விழாமல்

"எங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன் தலையில அந்தக் கூடு? மற்றவை எல்லாம் வெறும் முகத்தோட ஓடினவை."

வேலிக்கு அந்தப் பக்கம் குடையுடன் நின்ற பிளோறன்ஸ் கேட்டார். மகள் லவினியாவின் ஆட்டத்தைப் பார்க்க அவர் ஜேர்மனியின் இன்னொரு மூலையான பீலெஃபெல்ட்டிலிருந்து வந்தது இதுவே முதல் தரம். ஆட்டம் முடிந்திருந்தது. ஆஹென் மாணவிகளின் லக்ரோஸ் அணிக்கு முதல் கோப்பை. பயிற்சியாளர் கொறற்றி வேலிக்கு இந்தப் பக்கம் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன், 2004இல், லவினியா புது மாணவியாக வந்தாள். நுனியில் வலைப்பை கட்டிய தடியில் பந்தை ஏந்திக்கொண்டு அவள் ஓடினால், துரத்துகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்கு வீட்டில் விடவில்லை. கொறற்றி அனுமதி கேட்க ரயிலேறினாள். தேத்தண்ணி வைத்த பிளோறன்ஸ் அவளுடைய புருவத்துக்கு மேலிருந்த தழும்பைப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, காயமே?"

"சின்னனில சைக்கிளால விழுந்தது, அன்ரி."

உண்மையில், கொறற்றி மாணவியாக ஆடிய காலத்தில் பந்து பட்ட காயம் அது. அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்கள் படம் பார்த்ததோடு நின்றன. காரணம் தழும்புதான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள்தான் அப்படி எடுத்துக்கொண்டாள்.

"விளையாடட்டும். முகத்தில ஒரு கீறல் விழக்கூடாது. நாளைக்குக் கட்டிக் குடுக்கிற பிள்ளை."

"விழாது அன்ரி. ஹெல்மெற் போட்டுத்தான் நிப்பா."

பெண்கள் அணியில் ஹெல்மெற் போடுகிறவள் ஒருத்திதான், கோல் காக்கிறவள். மற்றவர்களுக்குப் பல்லுக்கு ஒரு ரப்பர், அவ்வளவுதான். ஓடப் பிறந்தவள் அன்றிலிருந்து கோலில் நின்றாள். "அக்கா, ஒருக்கா வெளியில விடுங்கோவன்" என்று கேட்பாள். "அம்மா பயப்பிடுவா, அடுத்த தரம் பாப்பம்" என்பாள் கொறற்றி. பிறகு லவினியா கேட்பதை விட்டாள். நன்றாகவும் காத்தாள். அவளைக் கோலில் நிறுத்தியது பயிற்சியாளரின் கூரிய கண் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அதைப் படித்துத்தான் மாநில அணியில் கொறற்றியைக் கூப்பிட்டார்கள். பத்திரிகை எழுதியதை அவள் மறுக்கவில்லை.

"நீங்கள்தானே அன்ரி அண்டைக்குச் சொன்னனீங்கள், முகத்தில கீறல் விழக்கூடாதெண்டு," என்றாள் கொறற்றி இப்போது வேலியோரம்.

பிளோறன்ஸ் யோசித்தார். அவருக்கு நினைவில்லை.

"சொல்லியிருப்பன். தாய் எண்டா ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுதானே. உப்புக் குறைச்சுப் போடு எண்டா, உப்பே இல்லாமல் காய்ச்சுவீரோ?" சிரித்தார். "நல்லா ஓடுவாள் தெரியுமே? பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் பிடிபடமாட்டாள். சரி, பஸ் வரப்போகுது, நான் முன்னால போறன்."

லவினியா கோலுக்குப் பக்கத்தில் கால் கவசங்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஸ்ருட்கார்ட்டில் வேலை. அங்கே பெண்கள் அணி இருக்கிறதா என்று அவள் விசாரிக்கவில்லை.

"அம்மா என்னவாம்?"

கொறற்றி வாயைத் திறந்தாள்.

"நல்லா விளையாடினியாம்."

"பாவம், பயந்த மனுசி. அவவுக்காகத்தான் அக்கா இவ்வளவு நாளும் நிண்டனான். இல்லாட்டி உங்களோட சண்டை பிடிச்சிருப்பன்." ஹெல்மெற்றைக் கழற்றிக் கொடுத்தாள். முகத்தில் ஒரு கீறலும் இல்லை.

"லவினியா."

"ம்?"

தெருவில் பஸ் திரும்பியது. தரிப்பிடத்தில் பிளோறன்ஸ் குடையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஒண்டுமில்லை. போ, விட்டிட்டுப் போயிடுவான்."

லவினியா பையைத் தோளில் போட்டாள். அதற்குள்ளிருந்து, கோலுக்கு வருமுன் ஓடி ஆடிய தன் பழைய மெல்லிய தடியை உருவி எடுத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொண்டுவந்து, ஒருநாளும் வெளியே எடுக்காத தடி. ஈரப் புல்லைக் குறுக்கே வெட்டி ஓடினாள். பை முதுகில் அடித்தது. தடியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வலையில் பந்து இருப்பதுபோல, விழுந்துவிடாமல் ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

கொறற்றியின் கையில் ஹெல்மெற்றின் உட்பக்கம் இன்னும் சூடாக இருந்தது.