ஒத்துக்கொண்ட தேதி

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று பொன்னேரியில் மின்சாரம் இருந்ததா, நெட் சென்டர் இன்வெர்ட்டரில் ஓடியதா என்பதில்கூட ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்தோணி சொன்ன தேதியை மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள்.

அந்தோணி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் கிரேன் ஓட்டினான். மனைவி ஏஞ்சலின் நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. கணவனும் ஒன்பது வயது மகள் சோனியாவும் கூடவே போகலாம். மூவருக்கும் விசா விண்ணப்பம் போடத்தான் ஜபீனின் நெட் சென்டருக்கு வந்திருந்தார்கள்.

ஜபீன் திரையைப் படித்துக் கேட்டாள். "குற்ற வழக்குல தண்டனை எதனா உண்டாண்ணே?"

"நம்மகிட்ட இன்னாம்மா இருக்குது? இல்லன்னு போடு. ஒரு பெட்டி கேஸ் இருந்துச்சி, அதெல்லாம் கேஸா?"

ஏஞ்சலின் திரும்பினாள். "இன்னா பெட்டி?"

"அதான், ஆலை கேட்டாண்ட மறியல் பண்ணோமே. ஃபைனோட போயிடுச்சி."

"உங்கூட மறியல் பண்ண லோகு அண்ணன் எல்லாம் விடுதலையாயிட்டாங்களே?"

"அவங்க ஆனாங்க."

"பெட்டியோ பீரோவோ," என்றாள் ஜபீன், "குத்தத்த ஒத்துக்கினு ஃபைன் கட்டினா அதுவும் தண்டனைதாண்ணே. மறைச்சது தெரிஞ்சா பத்து வருசத்துக்கு அந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்க முடியாது."

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதைப் போலத்தான் அந்த அபராதத்தை அந்தோணி இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

"எந்தத் தேதின்னு கேக்குதுண்ணே."

எதிரே ஸ்டேஷனில் சூலூர்பேட்டை ரயில் வந்து நின்று, போயும் விட்டது.

"மார்ச் பதினேழு. ரெண்டாயிரத்துப் பதினாறு."

ஜபீன் சிரித்தாள். "அது பாப்பா பொறந்த தேதிண்ணே! மேல போட்டாச்சி. நான் கேசு தேதி கேக்கறேன்."

"ரெண்டும் ஒன்னுதாம்மா."

சோனியா பிறந்த அன்று காலை மறியல் வழக்கில் பன்னிரண்டு பேர் கோர்ட்டில் நின்றார்கள். ஏஞ்சலினுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது என்று போன் வந்தது. 'மறுத்தா சாயங்காலம் ஆவும், அப்புறம் வாய்தா வாய்தான்னு இழுக்கும். ஒத்துக்கினா பத்து நிமிசம்' என்றார் வக்கீல் குமாஸ்தா. பதினோரு பேர் மறுத்தார்கள். அந்தோணி ஒத்துக்கொண்டான், பணத்தைக் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். லோகு அவனை ரொம்ப நாள் 'ஒத்துக்கினவன்' என்றுதான் கூப்பிட்டான்.

ஏஞ்சலின் துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஷிப்ட்ட பாதியில உட்டுட்டு வந்தேன்னு சொன்னியே."

"கோர்ட்ல இருந்து வர்றேன்னா வலியோட எந்திரிச்சி வந்து அடிச்சிருப்பே."

"இப்பவும் அடிப்பேன்."

அவள் அடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜபீனு, என் பேர எடுத்துடும்மா. என்னால இவங்க ரெண்டு பேருக்கும் விசா கெட வேணாம்."

"பேர எடுக்கறாராம்!" ஏஞ்சலின் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரசவ அறைக்குள் கொண்டுபோகும்வரை பிடித்திருந்த அதே பிடி. "அன்னிக்கு ஓடியாந்தே இல்ல? இன்னிக்கு எங்க போறே? நீ ஆமான்னு போடு ஜபீன்."

"காரணம் எழுத எடம் குடுத்திருக்கான்கா. இன்னான்னு போட?"

"பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு போடு."

ஜபீன் ஆங்கிலத்தில் அடித்தாள். நாலு வரி வந்தது. ஏஞ்சலின் அதை இரண்டு முறை படித்தாள். கையை எடுக்கவில்லை.

ஏஞ்சலினுக்கும் சோனியாவுக்கும் விசா முதலில் வந்தது, அவர்கள் போனார்கள். அந்தோணியிடம் தீர்ப்பின் நகல் கேட்டார்கள். அதை வாங்கி அனுப்பி, ஐந்து மாதம் கழித்து அவனும் போனான். விமான நிலையம்வரை கூட வந்தவன் லோகு. அவன் அதே ஆலையில்தான் இருக்கிறான். ஜபீன் பக்கத்துக் கடையையும் எடுத்து ஜெராக்ஸ் மெஷின் போட்டிருக்கிறாள். அந்தோணி இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். தண்டனை உண்டா என்று எந்தப் படிவத்தில் கேட்டாலும் 'ஆம்' என்று எழுதி, அந்தத் தேதியைப் போடுகிறான்.